வெள்ளைக் குருணை

தடயத்தை உடைத்தது வேறு யாருமில்லை... நான்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் சவரிமுத்து. உடையார்பாளையத்தில் அந்த முந்திரி வியாபாரி வீட்டுக்குள் கம்பீரமாக நுழைந்தேன். எனக்கு முன்னால் என் தொப்பை நுழைந்தது.

மேஜையில் இடித்தது.

விஷம் கலந்ததாகப் புகார் வந்த மருந்து பாட்டில் உருண்டது... விழுந்தது... சிதறியது.

கான்ஸ்டபிள் அம்பிகா என்னைப் பார்த்தாள்.

"எவிடென்ஸ் சார் அது."

"தெரியுதும்மா."

புகார் கொடுத்த சிந்தாமணி தலையில் கை வைத்தாள். "நல்லா வெளங்கும். மருமவ புள்ளைக்கு விஷம் வெச்சா, போலீஸ் வந்து அதைக் கொட்டிட்டுப் போவுது."

மருமகள் பூவிழி சுவரோரம் நின்றாள். அழவில்லை.

அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்குக் குடித்த பால் எதுக்களிக்கும் உபாதை. அமிலத்தைக் குறைக்க டாக்டர் சிரப் எழுதியிருந்தார். இன்று காலை சிரப் குடித்த சற்று நேரத்தில் குழந்தையின் கழுத்து பின்னால் முறுக்கியது. கண்கள் மேலே சொருகின. இப்போது தாத்தாவின் துணையோடு அரியலூர் ஆஸ்பத்திரியில்.

"மருந்து குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றாள் பூவிழி. "டாக்டர் எடை போட்டுப் பாத்து எழுதுன அளவு. ஃபில்லர்ல கோடு பாத்துதான் குடுத்தேன்."

"வேற ஏதாவது கலந்தியா?"

"இல்ல. அரெஸ்ட் பண்றதுன்னா பண்ணுங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி புள்ளைகிட்ட போவணும். கிட்டவே வரக்கூடாதுங்கறாங்க. பெத்தவ நானு."

அவள் கணவன் பிரேம்குமார் தூணில் சாய்ந்தபடி உதட்டைச் சுழித்தான். "எப்பவும் இப்படித்தான் சார். திமிரு."

அம்பிகா தரையில் குனிந்திருந்தாள்.

"சார்... சிரப்புக்குள்ள குருணை."

கடுகைவிடச் சின்னதாக வெள்ளை உருண்டைகள். பாட்டில் உடையாமல் இருந்திருந்தால் அடியிலேயே கிடந்திருக்கும். என் தொப்பைக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

போட்டோ எடுத்து, ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் ஷாலினி மேரிக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"அது பெரியவங்க நெஞ்செரிச்சலுக்குப் போடற கேஸ் கேப்சூல்ல இருக்கற குருணை மாதிரி இருக்கு, சார். லேப்ல பாத்துடுங்க. நெறைய கேப்சூல்ல அமில மருந்தோட வாந்திய நிறுத்தற மருந்தும் சேத்திருப்பாங்க. பெரியவங்க அளவு கைக்குழந்தைக்குப் போனா இப்படிக் கழுத்து முறுக்கும்."

"குழந்தை?"

"ஊசி போட்டாச்சு. கழுத்து நேராயிடுச்சு. பொழச்சுக்கும்."

பூவிழி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

நான் மீசையைத் தடவிக்கொண்டு சிந்தாமணியிடம் திரும்பினேன். "இந்த வீட்ல கேஸ் கேப்சூல் யாரு போடறது?"

"நான்தான். அதுக்கு என்னங்கறீங்க?"

"எப்படிம்மா போடுவீங்க?"

"எனக்கு முழுங்க வராது, தொண்டையில ஒட்டிக்கும். பிரேம்தான் கேப்சூலைப் பிரிச்சு, உள்ள இருக்கறத வாழைப்பழத்துல வெச்சு ஊட்டுவான். காலையில வெறும் வயித்துல. எந்த ஊர்ல இப்படி ஒரு புள்ள இருக்கும்?"

தூணில் சாய்ந்திருந்த பிரேம்குமார் நிமிர்ந்தான்.

"இப்ப எரிச்சல் எப்படிம்மா இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க. இந்த வாரம் பூரா நெஞ்சுல அடுப்பு எரியுது. தவறாமத்தான் சாப்புடறேன், நிக்க மாட்டேங்குது."

எனக்கும் அதே கேப்சூல்தான். நிறுத்தினால் சில நாளில் நெஞ்சு எரியும். பரோட்டா சாப்பிட்டால் அன்றே எரியும். அது வேறு கதை.

"பிரேம்குமார்... அம்மாவுக்கு வெறும் பழத்தை ஊட்டிட்டு, குருணைய எங்க போட்ட?"

"சார்... நான் எதுக்கு..."

"எங்க போட்ட?"

சிந்தாமணி மெல்ல மகனைப் பார்த்தாள். "எனக்கு வெறும் பழமாடா குடுத்த?"

சற்று தாமதமாகத்தான் அவளுக்குப் பேத்தி ஞாபகத்துக்கு வந்தாள். வந்ததும் கை பறந்தது. பளார்.

"சாவணும்னு போடலம்மா... நீ தெனம் சாப்புட்டும் உனக்கு ஒண்ணும் ஆவலையே, புள்ளைக்கு லேசா வயித்துப்போக்குதான் வரும்னு நெனச்சேன்..."

"புள்ளைக்குச் சீக்கு வந்தா உனக்கு என்னடா லாபம்?" என்றேன்.

"எவ்ளோ நாள்தான் சார்..."

"கேட்டதுக்குப் பதில்."

கன்னத்தைத் தடவினான்.

"பெரம்பலூர் ஸ்கூல்ல இவளுக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்கு. புள்ள சீக்கா கெடந்தா போவ மாட்டா. அதான் ஒரு வாரமா தெனம் சிரப்புல போட்டேன். சம்பளம் வாங்க ஆரம்பிச்சா என்னை மதிக்க மாட்டா சார்."

பூவிழி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"இப்ப மதிக்கறேன்னு யாரு சொன்னா?"

அவனுக்கு விலங்கு மாட்டிய அம்பிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அந்த டிரெயினிங் கொடுக்கவில்லை.