மீன் வெட்டும் பாட்டு

பிள்ளைகள் பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த சிவாஜினியின் கை அப்படியே நின்றது. மத்தியானம் இரண்டு மணி. துறைமுகத்தில் இரவுக் காவல் பார்த்துவிட்டு வந்து புருசன் சஞ்சீவன் படுத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் செம்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கீழே வைப்பார்கள். ஏழு வயது கஜந்திக்கும் ஐந்து வயது லக்சிகாவுக்கும் அவள் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் குசினி அடுப்பு மூலையில், குசுகுசுப்பில்.

போன கிழமை லக்சிகா ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சஞ்சீவன் எழும்பி வந்து இடுப்புப் பட்டியைக் கழற்றினான். குறுக்கே போன சிவாஜினியின் பல் ஒன்று குசினி நிலத்தில் விழுந்தது.

"இனிச் சத்தம் கேட்டால் மூண்டு பேரையும் கிணத்துக்குள்ள போடுவன்."

சொன்னால் செய்கிற ஆள்.

அன்று பின்னேரம் பாரை மீன் வெட்டும்போது அவளாகவே கட்டிய பாட்டுத்தான் இப்போது கேட்பது. அப்போது அவள் மனதில் இருந்தது மீன் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. மறக்காமல் இருக்க வரிக்கொரு செய்கை காட்டிக் கொடுத்தாள். கடைசி வரி முடிந்ததும் திரும்ப முதல் வரிக்கே போகும்படி கட்டியிருந்தாள், அப்போதுதான் ஓயாமல் சொல்லிப் பழகுவார்கள் என்று.

"துள்ளும் மீனை அமத்திப் பிடி..."

ஐயோ, எழும்பப் போறார். சவர்க்கார நுரை வழியும் கையோடு, வாழையடியைத் தாண்டி, வெயிலில் கொதிக்கும் சீமெந்தில் வெறுங்காலோடு அவள் ஓடினாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஊதி ஓய்ந்த பிறகும் அவனுடைய கத்தல் கேட்கவில்லை.

"தொண்டைக்குக் கீழே கத்தியை வை..."

கட்டில் படாரென்று அதிர்ந்தது. அடிக்கத் தொடங்கிவிட்டான். குசினிக்குள் பாய்ந்தாள், கையில் எதையாவது எடுக்க.

ஆணியில் மீன்கத்தி இல்லை.

"செட்டை இரண்டும் சீவி எடு..."

பிள்ளைகள் அழவில்லை. பாட்டு ஒரே தாளத்தில் வந்தது. இடையில் வேறொரு சத்தம். வாய் குறுகிய போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல, விட்டு விட்டு. பச்சை மீன் மணந்தது. இன்றைக்கு வீட்டில் மீன் இல்லை.

"செதிலை மெல்லச் சுரண்டி விடு..."

அறை வாசலில் தொங்கிய சீலை ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியால் ஏதோ ஊர்ந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது. சூடு.

உள்ளே போயிருக்கலாம். அவள் நின்றாள். ஒரு வரி முழுக்க நின்றாள். கிணற்றை நினைத்தாள். நாக்கு தன்பாட்டில் பல் இல்லாத இடத்தைத் தடவியது.

"வயிற்றைக் கீறி வழித்துக் கழுவு..."

சீலையை விலக்கினாள்.

கஜந்தி தகப்பனின் நெஞ்சில் குந்தியிருந்தாள். முழங்கை வரை சிவப்பு. லக்சிகா காலடியில், இரண்டு கையாலும் அவனுடைய கணுக்காலை அமத்தியபடி. இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பிழையில்லாமச் சொன்னனாங்கள், அம்மா," என்றாள் கஜந்தி. "சத்தமாவும் சொன்னனாங்கள். அப்பா பேசேல்ல."

சஞ்சீவனின் கண்கள் திறந்திருந்தன. அவை சிவாஜினியைத்தான் பார்த்தன. வாய் அசைந்தது. அவளுடைய பெயராக இருக்கலாம். சத்தம் வரவில்லை.

லக்சிகா குனிந்து பார்த்தாள்.

"அம்மா, கால்விரல் இன்னும் துடிக்குது."

கஜந்தி கத்தியைச் சட்டையில் துடைத்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து, கடைசி வரியைச் சேர்ந்து சொன்னார்கள்.

"வாலும் துடித்தால் முதலிலிருந்து தொடங்கு!"

வேண்டாம் என்று சொல்ல சிவாஜினி வாயைத் திறந்தாள். ஈரம் காயாத அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, அமத்திப் பிடிக்கும் முதலாவது செய்கையைச் செய்தன.