பின்சீட்டுப் பாரம்

அறந்தாங்கியில் பிராங்க்ளினின் பட்டறையை விட்டு வண்டி வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் இறுகிப்போய் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்த வாடகைக் கார் அது. புது இன்ஜின் மாற்றியாகிவிட்டது. நாகராசு பானெட்டின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

“அண்ணே, இன்ஜின் செட் ஆகுற வரைக்கும் அழுத்தாதீங்க. அம்பதுக்குள்ளயே ஓட்டுங்க. ஆளு, லோடு எதுவும் ஏத்தாதீங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனப்பறம் கொண்டாங்க, ஆயில் மாத்திருவோம்” என்றான் பிராங்க்ளின்.

“பச்சப்புள்ள மாதிரிப் பாத்துக்கிறேன்.”

சொன்னபடியே பார்த்துக்கொண்டான். அதுதான் கொடுமை.

கீரமங்கலத்தில் அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை வரவிருந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்த பிறகு கலைமதிக்கு இப்போதுதான் நிறைமாசம். இந்தப் பிள்ளையும் தங்காமல் போனால் இனி வாய்ப்பில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த வாரம் நாகராசு பெண்டாட்டியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததைவிட பானெட்டில் கை வைத்துப் பார்த்ததுதான் அதிகம்.

தினமும் காலையில் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கட்டுமாவடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவான். நேரான சாலை, மேடு பள்ளம் கிடையாது. எல்லா வண்டியும் அவனை முந்திக்கொண்டு போகும். அவன் அசைய மாட்டான்.

அன்று உச்சிவெயில். சாலையில் ஒரு குருவி இல்லை. தூரத்தில் ஒரு பெண் நின்று கையைக் காட்டினாள். தோளில் துண்டில் சுற்றிய கைக்குழந்தை. மெதுவாகப் போனதால் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அவளும் இவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணே, பிள்ளைக்கு இழுப்பு வந்துருச்சு. காலையிலேருந்து பால் குடிக்க மாட்டேங்குது. பஸ்ஸையும் காணோம். ஆஸ்பத்திரியில விட்ருங்கண்ணே.”

நாகராசு வண்டியை நிறுத்தவில்லை, உருட்டினான். “புது இன்ஜின்மா. ஆளேத்தக் கூடாது. பின்னாடி பஸ் வருது.”

பஸ் வருகிறதா என்று அவனுக்குத் தெரியாது.

அவள் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பிறகு ஓடினாள். குடிக்க ஆளில்லாத பால் கசிந்து அவள் ரவிக்கை நனைந்திருந்தது. வேறொருவன் என்றால் ஒரே மிதியில் அவளை உதறிவிட்டுப் போயிருப்பான். நாகராசு மிதிக்கவில்லை. இன்ஜினுக்கு ஆகாது. அதனால் அவள் நம்பிக்கையோடு வெகுதூரம் ஓடி வந்தாள்.

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

மறுநாள் கட்டுமாவடியில் டீ குடிக்கும்போது கடைக்காரர் ரெங்கசாமி சொன்னார். “கருவாட்டுக் கொட்டகையில வேலை பாத்த புள்ள, அழகின்னு பேரு. பஸ்ஸு வாரதுக்குள்ள பிள்ளை கையிலயே போயிருச்சு. சாயங்காலம் அவளும் கடலுக்குள்ள எறங்கிட்டா. வலை காயப்போட்டவங்க கத்திக்கிட்டே ஓடியிருக்காங்க. ஆளு கெடைக்கலை. எவனோ ஒரு கார்க்காரன் ஏத்த மாட்டேன்னுட்டானாம்.”

“எந்த வண்டின்னு தெரியலையா?”

“தெரியலைப்பா.”

நாகராசுவுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு டீ சொன்னான்.

திரும்பி வந்தபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. நெல்மூட்டை ஏற்றியதுபோல் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. டிக்கியைத் திறந்தான், அங்கும் ஒன்றுமில்லை. கிளம்பியதும் இன்ஜின் முனகியது.

நேரே பட்டறைக்கு விட்டான். பிராங்க்ளின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“ஸ்பிரிங்கெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. என்னத்த ஏத்துனீங்க?”

“ஒண்ணும் ஏத்தலையே!”

“பொய் சொல்லாதீங்கண்ணே. இன்ஜின் லோடு இழுத்திருக்கு.” பின்கதவைத் திறந்தவன் மூக்கைச் சுளித்தான். “பால் கொட்டுனீங்களா? புளிச்ச வாடை அடிக்குது.”

சோப்பு போட்டுக் கழுவினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். வாடை போகவில்லை. பாரமும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு நாகராசு பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினான். உள்கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தான். ஆனால் வண்டியை வீட்டில் நிறுத்தவில்லை. இன்ஜின் செட் ஆக வேண்டுமே!

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே, ஒரு மத்தியானம், கலைமதிக்கு வலி கண்டது. அவள் அம்மா திருப்பூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொன்னார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, புதுக்கோட்டை டாக்டரம்மாவிடம் கிளம்பினான்.

ஆலங்குடி வரைக்கும் கலைமதி கத்திக்கொண்டே வந்தாள். பிறகு திடீரென்று அடங்கினாள்.

“கலை? என்னடி ஆச்சு?”

“இப்பத் தேவலைங்க. முதுகைத் தடவி விடுறாங்கல்ல.”

அவன் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

“யாரு?”

“இந்த அக்காதான். மடியில தலைய வச்சுக்கச் சொன்னாங்க.”

நாகராசு மிதித்தான். அந்த இன்ஜின் வந்த நாளிலிருந்து முதன்முறையாக, காலை ஊன்றி, முழுசாக மிதித்தான். இன்ஜின் கதறியது. முள் ஐம்பதைத் தாண்டவில்லை. சூடேறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. புளித்த பால்வாடை தொண்டை வரை இறங்கியது.

அவன் காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

“பாத்துப் போங்கண்ணே. புது இன்ஜின்.”

அவன் திரும்பவில்லை. அழுதுகொண்டே ஓட்டினான். “தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி, விட்ரு” என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். கலைமதி நடுநடுவே யாருக்கோ “உம்” கொட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாக்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் மாற்றி உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் இறங்கியும் வண்டி நிமிரவில்லை. பிறகு மறுபக்கத்துக் கதவு தானாகத் திறந்தது.

வண்டி மெல்ல மேலே எழுந்தது.

இத்தனை நாள் இருந்த பாரம் போய்விட்டது! நாகராசு சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்ட மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றே நினைத்தான். பானெட்டிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்ததும் பதறிப்போய் அதைத் திறந்தான். தண்ணீர் வாங்கி வந்தான். ஆறட்டும் என்று காத்திருந்தான். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, அளவு பார்த்தான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நெஞ்சில் கையை வைத்துச் சாமியைக் கும்பிட்டான்.

கை கழுவிக்கொண்டு உள்ளே போனபோது நர்ஸ் சிரித்தார்.

“எங்க சார் போனீங்க? பொம்பளப்பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.”

“பிள்ளை எங்கம்மா?”

“ஒங்க கூட வந்தவங்ககிட்டதான் குடுத்தோம். ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுல்ல, கூட வந்த பொம்பளைங்க கையிலதான் குடுப்போம். அந்தா, அந்த பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாங்க.”

“என்கூட யாரும் வரலை.”

நர்ஸின் சிரிப்பு நின்றது.

நடைபாதையின் கடைசியில் இருந்தது அந்த பெஞ்சு. அதில் ஆளில்லை. வாட்ச்மேன், தான் வாசலை விட்டு நகரவேயில்லை, பிள்ளையோடு யாரும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். குளியலறை, மாடி, மருந்துக் கிடங்கு எல்லாம் தேடினார்கள். நாகராசு வெறிபிடித்தவனாக ஒவ்வொரு கதவையும் உதைத்துத் திறந்தான். எங்கும் இல்லை.

கடைசியில் அந்த பெஞ்சின் முன்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்தான். பெஞ்சின் விளிம்பிலிருந்து பால் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

அவனுக்கு எதிரே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

அவன் கையை நீட்டினான். வெறும் காற்று. குடிக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பின்னால் அறைக்குள்ளிருந்து கலைமதி, மயக்கம் தெளியாத குரலில் கூப்பிட்டாள்.

“என்னங்க, பசியாத்திட்டுத் தாரேன்னு அந்த அக்கா வாங்கிட்டுப் போனாங்களே. இன்னமுமா பிள்ளை குடிச்சு முடிக்கலை?”