எண்பதுக்கு மேல்

இசக்கியம்மாளின் வாய்மொழித் தேர்வு தொடங்கும் முன்பே பிரியாணி வந்து இறங்கிவிட்டது. தகவல்தொடர்பியல் துறையில் அதுதான் வழக்கம். முனைவர் பட்டத்துக்கு நிற்பவர் எல்லார் முன்னாலும் தன் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும். முடித்ததும் வந்தவர்களுக்கெல்லாம் அவர் செலவில் சாப்பாடு. தேறுவாரா மாட்டாரா என்று தெரியும் முன்பே பிரியாணிக்குச் சொல்லிவிடுவார்கள். இதுவரை யாரும் தேறாமல் போனதில்லை என்பதால் அதில் ஒருவருக்கும் கூச்சமில்லை.

அறைக்குள் வந்த ஒவ்வொருவரும் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு மணியை ஒட்டிக்கொண்டார்கள். அதுதான் புரிமானி. ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது நம் மூளையில் எழும் சிற்றலைகளை அது கவனித்துக்கொண்டே இருக்கும். விளங்காவிட்டால் அலை கொந்தளிக்கும், விளங்கினால் அடங்கும். அடங்கிய அளவை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டுச் சொல்லும். அதற்குத் தெளிவெண் என்று பெயர். எண்பதைத் தாண்டினால் மணி பச்சையாக எரியும், தாண்டாவிட்டால் சிவப்பு. பச்சை எரிந்துவிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்டவருக்குப் புரிந்தும் ஆயிற்று என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. டாக்டர் நோயாளியிடம் பேசினாலும் எண்பது, வக்கீல் கட்சிக்காரரிடம் பேசினாலும் எண்பது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பேச்சு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கூத்துதான், வேறென்ன!

இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்தவர் இதே துறையின் தலைவர் செபஸ்தியான். நல்ல மனிதர். எவனுக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன என்று பாடம் நடத்திவிட்டுப் போகும் ஆசிரியர்களைப் பார்த்து வயிறெரிந்துதான் அவர் புரிமானியைச் செய்தார். அந்தக் கருவி தப்பு என்று நிறுவுவதற்காக அவரிடமே ஆய்வுக்குச் சேர்ந்தவள் இசக்கி. தெரிந்தும் சேர்த்துக்கொண்டார் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இசக்கியின் அண்ணன் சுடலைமுத்து தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவன். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவனைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். பாதுகாப்புப் பயிற்சியில் அவனுடைய தெளிவெண் தொண்ணூற்றாறு. சொன்னோம், அவருக்குப் புரிந்தது, அப்புறமும் மீறினார் என்று ஆலைக்காரர்கள் கையை விரித்தார்கள். 'தன் கவனக்குறைவால் இறந்தார்' என்று விசாரணையும் முடிந்தது. அந்த வார்த்தையை யார் சொன்னாலும் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். ரோட்டைக் கடப்பதற்குள் இரண்டு பக்கமும் நாலு தரம் பார்க்கிற பிள்ளை, அவனுக்கா கவனக்குறைவு?

ஆலைப் பயிற்சிகளின் பதிவெல்லாம் ஆய்வுக்கென்று துறைக்குத்தான் வந்து சேரும். அதைத் தோண்டித்தான் இசக்கி உண்மையைக் கண்டுபிடித்தாள். பயிற்சி கொடுத்தவர் தனபால், இதே துறையில் படித்தவர். காலையில் வந்த குழுவிடம் அவர் சொன்னது இது: "தொட்டிக்குள்ள நாத்தம் திடீர்னு நின்னுபோச்சுன்னா ஆபத்து போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. விஷவாயு கூடிருச்சு, மூக்கு செத்துருச்சுன்னு அர்த்தம். உடனே மேல ஏறிருங்க."

கேட்டவர்கள் குழம்பினார்கள். நாற்றம் போனால் நல்லதுதானே? தெளிவெண் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. எண்பது வராத பயிற்சி செல்லாது. மாலையில் வந்த குழுவிடம் தனபால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கையுறை போடு, கயிறு கட்டு, மேலே ஒரு ஆள் நிற்கட்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் சொன்னார். தொண்ணூற்றாறு! சுடலைமுத்து மாலைக் குழுவில் இருந்தான்.

புதிதாக ஒன்றைக் கேட்டாலும் அலை கொந்தளிக்கத்தான் செய்யும், பழையதையே கேட்டால் அடங்கிக் கிடக்கும். புரிமானி அளப்பது பழக்கத்தை, புரிதலை அல்ல. எண்ணுக்குப் பயந்து ஊரே புதியதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. இதுதான் இசக்கியின் ஆய்வு. கல்லூரிகளிலும் அதே கதைதான். ஆசிரியர்கள் தெரிந்ததையே திரும்ப நடத்தினார்கள், மாணவர்கள் தொண்ணூற்றைந்து கொடுத்தார்கள், எல்லாருக்கும் சந்தோஷம்.

அறைக்குள் போகும் முன் செபஸ்தியான் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த நாலாவது அத்தியாயம்தான்மா இடிக்குது. தேர்வு முடிஞ்சப்பறம்தான் ஏட்டக் குடுப்போம், அதனால வெளித் தேர்வாளருக்கு அது புதுசு. எண் சடசடன்னு விழும். சராசரி எண்பதுக்குக் கீழ போச்சுன்னா பட்டம் கிடையாது."

"அத விட்டுட்டா?"

"பட்டம் கெடைக்கும். ஆனா மேடையில சொல்லாத அத்தியாயத்த ஏட்டுல இருந்து தூக்கிருவாங்க, அந்தப் பதிவுகளயும் பூட்டிருவாங்க. சொல்லிட்டேன்னா, நீ தேறினாலும் தேறாட்டியும் பல்கலைக்கழகப் பதிவுல ஏறிரும். அத வச்சு உங்க அண்ணன் விசாரணையத் திரும்பத் திறக்கச் சொல்லலாம். எல்லாம் நான் எழுதுன விதிதான், என்னத்தச் சொல்ல!"

"நான் சொல்லத்தான் போறேன் சார். பட்டம் போனாப் போவட்டும். எண்ணுக்குப் பயந்து வாய மூடுனா அந்தத் தனபாலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தாளு கொலகாரன் சார்."

செபஸ்தியான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பினார்.

முன்வரிசையில் அம்மா புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பச்சை நல்லது, சிவப்பு கெட்டது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வெளித் தேர்வாளர் லோகநாயகி சென்னையிலிருந்து வந்திருந்தார். கடைசி வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர். பதிவுகளில் எத்தனையோ தடவை பார்த்த முகம் என்பதால் இசக்கிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. தனபால்! வரட்டும், அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாள். சொல்பவர், செய்தி, கேட்பவர், இடையில் வரும் இரைச்சல். சுவரில் இருந்த எண்திரை தொண்ணூற்று மூன்று காட்டியது. அம்மாவின் மணி தவிர அறை முழுக்கப் பச்சை. இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் அத்தியாயம் எல்லாம் அப்படியே போயின.

"அலை அடங்குவது புரிதலுக்கு அடையாளம் அல்ல" என்று நாலாவதைத் தொடங்கினாள்.

எழுபத்து நான்கு. லோகநாயகி நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மையில் புதிய செய்தி ஒன்று உள்ளே போகும்போது அலை கொந்தளித்தே ஆக வேண்டும். அந்தக் கொந்தளிப்பைத்தான் நாம் தோல்வி என்று எண்ணிவந்திருக்கிறோம்."

ஐம்பத்திரண்டு. மணிகள் வரிசையாகச் சிவந்தன. லோகநாயகி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். அம்மா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

முப்பத்தெட்டு.

அடுத்த வாக்கியம் அண்ணனைப் பற்றியது. அது மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் வரும். இசக்கி வாயைத் திறந்தாள். ஆய்வு மாணவியாக இருந்துகொண்டே வருடக்கணக்கில் இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் அவள். எண் விழுந்தால் பேச்சைத் திருப்ப வேண்டும் என்பது அவள் நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது.

"சுருக்கமாகச் சொன்னால், இது மேலும் ஆராயப்பட வேண்டியது" என்றாள். "இனி, வகுப்பறையில் புரிமானியின் பயன்களைப் பார்ப்போம்."

அறுபது. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு. அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்சம் பச்சை சேர்ந்ததும் திரும்பி வந்து சொல்லிவிடலாம் என்று இசக்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவள் திரும்பி வரவில்லை. கடைசி விளக்கப்படம் வந்தது, நன்றி சொன்னாள், எல்லாரும் கைதட்டினார்கள்.

சராசரி எண்பத்து நான்கு. லோகநாயகி எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைத்தார், துறைக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கலையும்போது லோகநாயகி பக்கத்தில் வந்து சொன்னார்: "மத்ததெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான்மா. நடுவுல என்னமோ சொல்ல வந்தீங்க பாருங்க, சரியா பிடிபடல. ஆனா அதக் கேக்கத்தான் பேனாவ எடுத்தேன். அதுக்குள்ள விட்டுட்டீங்களே."

இசக்கி செபஸ்தியானைத் தேடினாள். அவர் எண்திரையை அணைத்துக்கொண்டிருந்தார். இவள் பக்கம் திரும்பவில்லை.

வெளியே பந்தி போட்டிருந்தார்கள். தனபால் அவள் எதிரில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சுடலைமுத்து தங்கச்சின்னு துறையில சொன்னாங்க. அந்தத் தொட்டி விஷயத்த இன்னைக்காவது ஒருத்தர் எல்லார் முன்னாலயும் சொல்லிருவாங்கன்னுதான் வந்தேன் மேடம். என் பேரச் சொன்னாலும் எந்திரிச்சு ஆமான்னு ஒத்துக்கணும்னு இருந்தேன். நான் நாப்பத்தொண்ணுல நிறுத்தினேன். நீங்க முப்பத்தெட்டுல நிறுத்திட்டீங்க. எனக்குத் தெரியும் மேடம், அது எப்படி இருக்கும்னு."

அவர் சாப்பிடாமலே படியிறங்கிப் போனார். அம்மா கையில் தட்டோடு ஓடிவந்தாள். காதுக்குப் பின்னால் மணியைக் கழற்ற மறந்திருந்தாள்.

"யாருட்டி அது? சாப்பிடாமப் போறாரே!"

"தெரிஞ்சவருதாம்மா."

"ஏட்டி, அண்ணன் விஷயத்த இன்னைக்குச் சொல்லப்போறேன்னு சொன்னியே. நீ பேசுன புஸ்தகத் தமிழு எனக்கு ஒண்ணும் விளங்கல. அவன் பேரு காதுல விழுந்த மாதிரியும் இல்ல. சொல்லிட்டியா?"

இசக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை என்று ஒரே வார்த்தை. மணி சிவந்துபோகும், அவ்வளவுதான்.

"சொல்லிட்டேம்மா" என்றாள். "எல்லாருக்கும் புரிஞ்சிட்டு. அண்ணன் மேல தப்பில்லன்னு ஒத்துக்கிட்டாங்க."

அம்மாவின் காதுக்குப் பின்னால் மணி பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"அது போதும்ட்டி எனக்கு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பந்தி விசாரிக்கப் போனாள்.