வடிகட்டாத பூசணித் துண்டு

மேர்வினுக்கு வயது பத்து மாதம். பல் இரண்டு. பிடிவாதம் மட்டும் முப்பத்திரண்டு பல் முளைத்த ஆளுக்கு இருக்கிற அளவு.

அவனுடைய அக்கா ரொஷானிக்கு இது நன்றாகத் தெரியும். அவள் தரம் ஆறில் படிக்கிறாள். பலாபத்வலைக்குப் பக்கத்தில், மிளகும் கொக்கோவும் விளையும் தோட்டத்தில் அவர்கள் வீடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே ஒரு சண்டை நடக்கும்.

அம்மா சோறு, பருப்பு, கரட் எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைப்பார். அத்தோடு விடமாட்டார். தேத்தண்ணி வடிகட்டும் வடியில் அதைக் கொட்டி, தேய் தேய் என்று தேய்ப்பார். கீழே விழுவது கூழா, பசையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கரண்டியில் எடுத்து, "ஆ காட்டு, என் தங்கமே" என்பார்.

மேர்வின் வாயை இறுக்கிப் பூட்டிக்கொள்வான்.

"தம்பி, இங்க பாரு, ஹெலிகொப்டர் வருது!" என்று ரொஷானி கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவருவாள். அந்த ஹெலிகொப்டருக்கு இறங்க ஒருநாளும் அனுமதி கிடைத்ததில்லை. பாதிச் சாப்பாடு அம்மாவின் சட்டையில், பாதி சுவரில். ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் அது பெரிய அதிசயம்.

அம்மா வடியை விடாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணமே ரொஷானிதான்.

ரொஷானிக்கு ஒரு வயதாக இருந்தபோது, கீழே கிடந்த ஒரு கச்சான் கொட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்து விழுங்கிவிட்டாள். அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. அப்பா அவளைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டத் தட்ட, கடைசியில் கொட்டை வெளியே வந்து விழுந்தது. ரொஷானிக்கு இதெல்லாம் நினைவில்லை. ஆனால், அம்மாவால் மறக்க முடியவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்களே, அதுபோலத்தான்.

அந்த மாதம் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு எடை பார்த்தார்கள். அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. மிட்வைஃப் மிஸ் மேர்வினைத் தராசில் தொங்கவிட்டார். பிறகு அவனுடைய வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, கோட்டை நீட்டினார். போன மாதப் புள்ளியும் இந்த மாதப் புள்ளியும் ஒரே உயரத்தில் இருந்தன.

"கோடு அப்படியே படுத்திருக்குதானே அம்மா," என்றார் மிஸ். "வீட்டுச் சாப்பாட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க. அடுத்த மாசமும் கோடு எழும்பலன்னா, பபாவ மாத்தளை ஆஸ்பத்திரில காட்ட எழுதித் தருவேன்."

திரும்பி வரும்போது அம்மா பைப்படியில் நின்று, முகம் கழுவுவதுபோலக் கண்ணீரைக் கழுவினார். ரொஷானி அதைப் பார்த்தாள். இந்தக் கோட்டை எப்படியாவது எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அவர் வில்கமுவவில் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறார். பஸ் மனது வைத்தால்தான் வீட்டுக்கு வர முடியும். கோயிலுக்குப் போய் வந்து, எல்லாரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கருவாடு.

மேர்வின் அம்மாவின் மடியில் இருந்தான். அப்பாவின் கை தட்டுக்குப் போனால் அவன் கண்ணும் போகும். கை வாய்க்குப் போனால் அவன் வாயும் திறக்கும். அம்மா கரண்டியை நீட்டியதும் டப்பென்று மூடிக்கொள்ளும்.

ரொஷானி சாப்பிடுவதை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. கெட்டிக்காரி, அவள் கவனித்தாள்.

"அப்பா, நம்ம வீட்ல கரண்டியில சாப்பிடுறது யாரு?"

அப்பா சிரித்தார். "கரண்டியிலயா? யாருமில்ல."

"தம்பி மட்டுந்தான். நம்ம எல்லாரும் கையால சாப்பிடுறோம். அவனுக்கு மட்டும் கரண்டி. நம்ம தட்டுல இருக்கிறது ஒன்னு, அவனுக்குக் குடுக்கிறது வேற ஒன்னு. அதான் அவனுக்குக் கோவம்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேர்வின் தாவி, அவள் தட்டிலிருந்த பூசணித் துண்டைப் பிடித்துவிட்டான்! அம்மா பதறிப்போய் அதைப் பிடுங்கினார். அவன் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த காகம் பறந்தே போய்விட்டது.

"பாத்தீங்களா? அவனுக்குப் பசிக்குதும்மா," என்றாள் ரொஷானி.

"அடைச்சிருந்தா என்னா செய்வ? ஒனக்கு நடந்தது ஒனக்குத் தெரியாது, புள்ள." அம்மா துண்டைத் தூர வைத்தார்.

ரொஷானி அதற்குமேல் வாதாடவில்லை. அம்மாவின் பயம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால், யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மிட்வைஃப் மிஸ்ஸின் ஸ்கூட்டர் தோட்டத்து ரோட்டில் வந்தது. ரொஷானி புத்தகப் பையோடு குறுக்கே போய் நின்றாள்.

"மிஸ், தொண்டையில அடைக்காத மாதிரி தம்பிக்கு எப்புடித் துண்டு குடுக்கிறது?"

மிஸ் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஹெல்மெட்டையும் கழற்றினார். "நல்ல கேள்விதானே! ஒன் வெரல் அளவுக்கு நீளமா வெட்டி நல்லா அவி. ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு அமுக்கிப் பாரு. நசுங்கினா, பபாவோட பல்லு முளைக்காத முரசுலயும் நசுங்கும். கச்சான், திராட்சை மாதிரி உருண்டையா, கடினமா ஒன்னும் குடுக்கக் கூடாது. நேரா உக்கார வச்சுத்தான் குடுக்கணும். அம்மா பக்கத்துலயே இருக்கணும்."

"இருமினா?"

"சத்தமா இருமினா அவனே வெளிய தள்ளிடுவான். சத்தமே வரலன்னாத்தான் ஒடனே தூக்கிக் குப்புறப் போட்டு முதுகுல தட்டணும். அது ஒங்கப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் நான் காட்டித் தாறேன்."

சொன்னபடியே மிஸ் வீட்டுக்கு வந்து, ஒரு பொம்மையை வைத்து அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ரொஷானி, உறைப்புப் போடாமல் அவித்த பூசணித் துண்டு ஒன்றை அம்மாவின் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். "அமுக்குங்கம்மா."

அம்மா அமுக்கினார். துண்டு நசுங்கிப் போனது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் நசுங்கியது. மூன்றாவதும் நசுங்கியது.

"போதும்மா, தம்பிக்கு மிச்சம் வைங்க!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேர்வினைப் பாயில் நேராக உட்காரவைத்தார். ரொஷானி அவன் முன்னால் தட்டை வைத்தாள். கரண்டி இல்லை. "ஆ காட்டு" இல்லை. ஹெலிகொப்டரும் இல்லை.

மேர்வின் தட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு ஐந்து விரலாலும் ஒரு துண்டை அள்ளினான். பாதி விரலிடுக்கில் பிதுங்கியது, மீதி வாய்க்குப் போனது. அடுத்த நொடி, "ஹக்... ஹக்..." என்று முகம் சிவக்க இருமினான்.

அம்மா பாய்ந்தார்.

"சத்தம் வருதும்மா! மிஸ் சொன்னாங்கல்ல?" ரொஷானிக்கும் பயம்தான். ஆனாலும் சொன்னாள்.

அம்மா அவன் பக்கத்தில் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எத்தனை பெரிய பயத்தை அவர் அந்த நேரத்தில் அடக்கிக்கொண்டார்! மேர்வின் இன்னொரு முறை இருமினான். துண்டு நாக்கின் நுனிக்கு வந்தது. அவன் அதைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டு, "ம்ம்!" என்றான்.

"எம்புள்ள தானாச் சாப்பிடுறான்!" அம்மா ரொஷானியைக் கட்டிக்கொண்டார்.

அன்று அவன் நான்கு துண்டு சாப்பிட்டான். தலையிலும் ஒரு துண்டு இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வத்தாளங்கிழங்கு வந்தது, வாழைப்பழம் வந்தது, எலும்பு எடுத்த மீன் வந்தது, சின்னச் சின்னச் சோற்று உருண்டையும் வந்தது. பாயைத் தினமும் கழுவ வேண்டியதாயிற்று. அந்த வேலையை ரொஷானி ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளாமல் செய்தாள்.

மாதம் முடிந்தது. மிட்வைஃப் மிஸ் அட்டையில் புள்ளி வைத்தார். படுத்திருந்த கோடு எழுந்து மேலே போனது.

"ஆஸ்பத்திரிக்கு எழுத வேணாம்," என்றார் மிஸ். ரொஷானியைப் பார்த்து, "நீ பெரியவளானா என் வேலைக்கு வந்துடு," என்றார்.

அன்று மாலை அம்மா வடியை எடுத்தார். மேர்வினுக்கு இல்லை, தேத்தண்ணிக்கு. வெகு நாளைக்குப் பிறகு அது தன் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது. கோப்பையோடு அம்மா பாயில் வந்து உட்கார்ந்தார். பூசணி தின்றுகொண்டிருந்த மேர்வின் அம்மாவை ஒரு நொடி பார்த்தான். பிறகு பாதி கடித்த துண்டை, எச்சிலோடு, அவர் வாய்க்கு நேராக நீட்டினான்.

அம்மா அவனைப்போல அடம்பிடிக்கவில்லை. உடனே "ஆ" காட்டினார்.