அரை எப்படி அஞ்சாச்சு?

"வீல்...!"

அலறியவள் வீட்டு நர்ஸ்.

கீழே அச்சகம். மாடியில் முதலாளியின் வீடு. கட்டிலில் முதலாளியின் மாப்பிள்ளை... சில்லிட்டுப் போயிருந்தான்!

பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். காலி டம்ளரை முகர்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த மருந்துச் சார்ட்டைப் படித்தாள்.

'இதய மாத்திரை - 5.'

"அஞ்சா? யானைக்கா வைத்தியம் பண்றே?"

நர்ஸ் சார்ட்டைச் சுட்டிக் காட்டினாள். "வேலைக்குப் புதுசு மேடம்... சார்ட்ல இருக்கிறபடிதான் கரைச்சுக் கொடுத்தேன்!"

செத்தவனின் மனைவி அவனுடைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கண்ணில் சொட்டு ஈரமில்லை.

திரையில் 'அரை' என்ற பின்னக்குறி!

"ஸ்கிரீன்ல அரை. பேப்பர்ல அஞ்சு. என்ன, கூடுவிட்டுக் கூடு பாஞ்சுதா?"

"இது வேற ரகக் கம்ப்யூட்டர், மேடம்," மனைவி விளக்கினாள். "பிரஸ்ல இருக்கிறது வேற ரகம். ஒரே ஃபாண்டுக்கு, அதாவது எழுத்து வகைக்கு, இங்க ஒரு பேர், அங்க ஒரு பேர். இந்தப் பேருக்கு அந்த ஃபாண்டைப் போடுன்னு சாஃப்ட்வேர்ல சொல்லி வெக்கணும். அரை, காலுக்குன்னு தனி ஃபாண்ட் இருக்கு. அதுல அஞ்சு அடிச்சா அரைன்னு விழும்."

"ஃபாண்ட் மாறிட்டா?"

"அஞ்சு அஞ்சாவே விழும்!"

கீழே இறங்கி பிரஸ் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். எல்லாப் பெயருக்கும் சரியான ஜோடி. பின்ன ஃபாண்டுக்கு நேராக மட்டும்... ஒரு சாதா ஃபாண்ட்!

"வேணும்னே மாத்தியிருக்காங்க. நீங்களா?"

மனைவி உதட்டைச் சுழித்தாள். "என் புருஷன் என்னை இதைத் தொடவே விடமாட்டார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். பெரிய மேதைன்னு நெனப்பு!"

"தனக்குத்தானே குழி வெட்டிக்க அவருக்கென்ன பைத்தியமா?"

பின்னாலேயே வந்த நர்ஸ் குறுக்கிட்டாள்.

"மேடம்... ரெண்டு பேரோட புது சார்ட்டையும் கீழேயிருந்து எடுத்து வரச் சொன்னதே சார்தான். 'மாமாவுக்கு டாக்டர் டோஸைக் கூட்டிட்டார், அதுல இருக்கிறபடி கொடு'ன்னார். சாரோட சார்ட்லயும் அஞ்சுதான் இருந்தது. அதான் ரெண்டு பேருக்குமே..."

இன்ஸ்பெக்டர் 'ஹா' என்றாள்.

"மாமனாரை முடிச்சிட்டு, கம்ப்யூட்டர் தப்புன்னு கைகழுவப் பார்த்திருக்கான்!"

"பிரஸ் மேல அவ்வளவு ஆசை!" மனைவி பல்லைக் கடித்தாள். "ஃபாண்ட் ஜோடியை மாத்தினா, அந்த ஃபாண்ட் வர்ற எல்லாப் பேப்பர்லயும் மாறும்னு கூடத் தெரியலை. தன் சார்ட்டை ஸ்கிரீன்ல பார்த்ததோட சரி. தூ... இதுவும் ஒரு மூளை!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ உங்கப்பா?!"

மூவரும் மாடிக்கு ஓடினார்கள்.

பின் அறையில் முதலாளி... கால்மேல் கால் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்!

"ஐயா... மருந்தைக் குடிக்கலையா?"

"வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்."

"எப்படிச் சந்தேகம் வந்தது?"

முதலாளி நகவெட்டியை ஊதினார்.

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. மாப்பிள்ளை அச்சடிச்ச எதையும், ப்ரூஃப் பார்க்காம நான் நம்பறதே இல்லை!"