அப்பா வந்திருக்கேன்

மைக்கை அணைத்த பிறகு ஒரு சொல் கூடுதலாகக் கேட்டது.

"மல்லிகா, அப்பா வந்திருக்கேன், வாம்மா" என்று சொல்லி முடித்து, விசையைத் தள்ளி, வண்டிக்குள் ஆம்பிளிபையர் வால்வுகளின் செந்நிற வெளிச்சம் மங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கருணாகரன் தலையைத் தூக்கினான். புக்கிட் ரம்பாய் சாலையின் இருபுறமும் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. மத்தியானம் பெய்த மழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. புளித்த ரப்பர் பாலின் நாற்றம் மூக்கை அடைத்தது. வழக்கம்போல எதிரொலி வந்தது. அது தினமும் வருவதுதான். மரங்களுக்குள் போய், எங்கோ ஒரு மேட்டில் முட்டி, தேய்ந்து திரும்பும். ஆனால் இன்று அந்த 'வாம்மா'வுக்குப் பிறகு, அதே குரலில், அவனுடைய சொந்தக் குரலில், "பயப்படாதே" என்றது.

அவன் அதைச் சொல்லவில்லை.

சொல்லியிருப்பேன், மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். சரியாகத் தூங்கி ஒன்பது நாளாகிறது. மச்சினி வீடு இருந்த தோட்டத்து வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயது மல்லிகா, பந்தை எடுக்கப் பால்மரக் காட்டுக்குள் போனவள், திரும்பி வரவில்லை. போலீஸ் தேடியது. தோட்டத்து ஆட்கள் நாலு நாள் பால் வெட்டாமல் தேடினார்கள். கால்வாய், கிணறு, மீன் குட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஐந்தாம் நாள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். கருணாகரனிடம் மிச்சம் இருந்தது, மலாக்கா டவுனில் படக்கொட்டகைக்கு விளம்பரம் சொல்லி அவன் பிழைத்த பழைய ஆஸ்டின் காரும், அதன் கூரையில் கட்டியிருந்த ஒரு சின்ன லவுட்ஸ்பீக்கரும்தான். தினமும் சாயங்காலம் அதைக் கொண்டுவந்து காட்டோரம் நிறுத்தி மகளைக் கூப்பிட்டான்.

டவுன் பக்கம் காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டு வாசலில் கார் நிற்கும் முன்பே மனைவி சிவகாமசுந்தரி கதவைத் திறந்தாள்.

"கேட்டுச்சாங்க அவளுக்கு?"

தினமும் இதே கேள்வி. பிள்ளை கிடைத்தாளா என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"இந்த ஸ்பீக்கர் பத்தாது சிவகாமி. நூறு கெஜம் தாண்டுனா என்ன சொல்றேன்னே புரியாது. அவ உள்ளார எங்கியோ இருக்கா. பெருசா ஒண்ணு கட்டணும்."

சிவகாமி உள்ளே போய்த் தன் தையல் மெஷினின் மேல் கிடந்த துணியை உருவி மடித்து வைத்தாள். மெஷினை எடுத்துப் போய் விற்றுக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தையல் மெஷின் போனது. காரின் ஸ்பேர் டயர் போனது. பின் சீட்டைக் கழற்றி ஒரு டாக்ஸிக்காரனிடம் கொடுத்தான். கிடைத்ததை எடுத்துக்கொண்டு கம்போங் செட்டியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் வேலாயுதத்திடம் ஓடினான். மெர்டேக்கா, சுதந்திர நாள், வருகிறதென்று ஊர் முழுக்க வளைவும் கொடியுமாக இருந்த நேரம். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஆளாளுக்கு ஸ்பீக்கர் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். வேலாயுதத்தின் கடையில் ஒன்றே ஒன்று மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. கருணாகரன் சாக்கை இழுத்துப் பார்த்தான். குனிந்தால் தலை உள்ளே போகும் அளவுக்கு அகன்ற வாய்.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளைச் சரணடையச் சொல்லிக் கூப்பிட்ட அரசாங்க வண்டியில் இருந்தது, ஏலத்தில் எடுத்தேன் என்று வேலாயுதம் மலாயில் சொன்னார். அவரைப் போன்ற மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேச்சு மலாய்தான், தமிழ் கிடையாது. ஆனாலும் அவனுக்காக அங்கங்கே ஒரு சொல் தேடிப் பிடித்தார்.

"பேட்டரி தா தாஹான், கருணா. தாங்காது. நடு ரோட்ல வண்டி மாத்தி, செத்துப் போகும். அப்புறம் நீ எப்படி பாலிக், திரும்பி வீடு?"

"பரவாயில்லண்ணே. நடந்தே வர்றேன். கட்டிக் குடுங்க."

வேலாயுதம் அவன் முகத்தைப் பார்த்தார். பின் சீட் இருந்த இடத்தில் பழைய லாரி பேட்டரி ஒன்றை வைத்தார், ஆம்பிளிபையருக்குப் பெரிய வால்வு மாற்றினார், அவன் கொடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ஒயரை முறுக்கிக்கொண்டே, வேறு எதையோ பேசுகிற மாதிரி, கூரையைக் காட்டிச் சொன்னார்: "இனி முலுட். காலாவ் பூசிங், ஜாடி தெலிங்கா." இது வாய். இதையே திருப்பிக் கட்டினால் காது ஆகிவிடும். தூரத்துச் சத்தமெல்லாம் அதில் விழும். அப்போது அது கருணாகரனுக்கு ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவன் மைக்கில் வாய் வைத்ததும் மரங்களிலிருந்து பறவைகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. கார்க் கூரையின் அதிர்வு அவன் பாதம் வரை இறங்கியது. ஒரு மைல் போகும். இரண்டு மைல்கூடப் போகும். அவன் குரல் காட்டுக்குள் அலை அலையாகப் போய், கடைசியில் எங்கோ அமுங்கி நின்றது. எதிரொலி வரவில்லை. எதிரொலியே வரவில்லை. சொட்டுச் சத்தமும் நின்றிருந்தது. பூச்சிகளும்.

பிறகு, வெகு தூரத்தில், "அப்பா."

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். முள் கிழித்தது. ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணங்கள் காலில் இடறி உருண்டன. இருட்டுகிற வரை தேடினான். ஒவ்வொரு முறையும் அந்த 'அப்பா' இன்னொரு வரிசைக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரே தூரம், ஒரே இழுவை, ஒரே மாதிரி. அவன் நின்றால் அதுவும் நின்றது.

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். தொண்டை புண்ணாகி ரத்தம் கசிந்தது. சிவகாமி மிளகு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். "அவ குரலுதானா? நல்லாக் கேட்டீங்களா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் தலையாட்டினான். தொண்டைப் புண்ணில் பேச்சு எழவில்லை. அவளிடம் அவன் சொல்லாத ஒன்று இருந்தது. மூன்றாம் நாள், மைக் அணைந்திருக்கும்போது காட்டுக்குள்ளிருந்து கேட்டது மகளின் குரல் மட்டுமல்ல. அவன் குரலும் கேட்டது, புண்ணில்லாமல், தெளிவாக. பெயர், ஊர், தெரு, வீட்டு அடையாளம், யாராவது பார்த்தால் கொண்டுவந்து விடுங்கள் என்று இத்தனை நாளும் அவன் சொன்னதையெல்லாம் அது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஒப்புவித்துக்கொண்டிருந்தது.

பைத்தியம் பிடிக்கிறது எனக்கு என்று நினைத்தான். ஆனால் மகள் குரல் இருக்கிறதே? அது எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும்.

பதின்மூன்றாம் நாள், சாலையோரம் குந்தி உட்கார்ந்து, வேலாயுதம் சொன்னபடி ஒயரைத் தானே திருப்பிக் கட்டினான். பழைய சின்ன ஸ்பீக்கரைக் காரின் பின்பக்கத் தரையில் வைத்துக் காதை அதில் ஒட்டினான். கூரையில் இருந்த பெரிய வாய் இப்போது காதாகிக் காட்டைக் கேட்டது.

முதலில் இரைச்சல். பிறகு இலையிலிருந்து நழுவும் துளி, பக்கத்தில் விழுகிற மாதிரி. லயத்தில் ஒரு நாய். யாரோ விறகு ஒடிப்பது. அப்புறம் ஈரச் சருகின் மேல் நடக்கும் காலடி. சின்னக் காலடி.

"மல்லிகா" என்றான். காற்றுதான் வந்தது.

காலடி நிதானமாகப் போனது. கூடவே பேச்சு. "காலு வலிக்குதுப்பா." "இதோ வந்தாச்சும்மா." ஒன்று அவள் குரல், ஒன்று அவன் குரல். இரண்டு குரல்கள். காலடி ஒரு ஜோடிதான்.

சருகுச் சத்தம் போய் மண் சத்தம் வந்தது. மண் போய்த் தார் ரோடு. இருட்டி வெகு நேரமாகியும் அவன் காதை எடுக்கவில்லை. சைக்கிள் மணி. பிறகு ஒரு கோயில் மணி, அவன் வீட்டிலிருந்து தினமும் கேட்கிற கம்போங் செட்டிக் கோயில் மணி. ஆறு மைலுக்கு அப்பால் இருப்பதைக் கேட்க முடியாது. கேட்டது.

கதவு தட்டும் சத்தம்.

"சிவகாமி" என்றது அவன் குரல். "பிள்ளை கிடைச்சிட்டா. கதவைத் திற."

தாழ்ப்பாள். அதன் பிறகு சிவகாமியின் அழுகை, சிரிப்பு, "என் கண்ணே, என் கண்ணே" என்று. "நான் பின்னால போய் காலு கழுவிட்டு வர்றேன்" என்றது அவன் குரல். கதவு மூடியது.

கருணாகரன் காருக்கு முன்னால் பாய்ந்து எஞ்சினைச் சுற்றிவிடும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். பேட்டரி செத்துவிட்டிருந்தது. மறுபடி சுற்றினான். வழுக்கி விழுந்தான். எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி. இருமிக்கொண்டே பிடித்தது. விளக்கு எரியவில்லை. ஓட்டினான். கூரையில் அந்தப் பெரிய வாயில் காற்று புகுந்து வழி நெடுக ஊளையிட்டது.

வீட்டில் வெளிச்சம். கதவு சாத்தியிருந்தது. சோற்று மணம். உள்ளே சிவகாமி மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

கதவை அறைந்தான். பாட்டு நின்றது.

"யாரு?"

நான்தான் என்றான். தொண்டையிலிருந்து சீறல் வந்தது. திற சிவகாமி என்றான். வெறும் சீறல்.

"யாருய்யா அது? பதில் சொல்லுங்க!" பிறகு அவள் வீட்டின் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "என்னங்க! காலு கழுவி முடிச்சீங்களா? வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க. பேசவே மாட்டேங்கிறாங்க."

"திறக்காதே சிவகாமி" என்றது கருணாகரனின் குரல் உள்ளேயிருந்து, அமைதியாக. "காட்டுலருந்து எங்க பின்னாலயே வந்திருக்கு. திறக்காதே."

மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.

அவன் சுவரோரம் தடவிக்கொண்டு ஓடினான். ஜன்னல் பலகை. இடுக்கு. கண்ணை வைத்தான்.

அரிக்கேன் விளக்கு தரையில் இருந்தது. வீட்டில் ஆண் யாரும் இல்லை. சிவகாமி தலை குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே மல்லிகா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அதே பாவாடை. அதே பின்னல். முகம் ஜன்னல் இடுக்கைப் பார்த்தது.

பிள்ளை வாயைத் திறந்தாள்.

"இதோ முடிச்சிட்டேன் சிவகாமி" என்ற அவன் குரல் அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது. "நீ பிள்ளைக்கு ஊட்டு."

"ஆ காட்டுடி தங்கம்" என்று சிவகாமி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் கவளத்தை உருட்டிக் கையை நீட்டினாள். அந்த வாய் திறந்தது. கவளத்துக்குத் தேவையான அளவு திறந்தது. அவள் கை முழுதும் போகிற அளவு திறந்தது. பிறகும் திறந்துகொண்டே இருந்தது.