இரண்டு சீட் வண்டி

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் அவள் வீட்டுக்காரரும் அந்தத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வீடுகள் வரிசையாக நின்ற தெரு. கடைசி வீட்டின் கொட்டகையில், சாம்பல் நிற உறைக்கு அடியில், அந்தக் கார் பதுங்கியிருந்தது.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். வெளிச்சம் வருவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். நேராகப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு பஸ்ஸில் இறங்கி, நடந்து, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. வார்டிலும் நிற்க வேண்டும், பஸ்ஸிலும் நிற்க வேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது பாதம் வீங்கிப்போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவாள். வீட்டுக்காரருக்குக் குளிர்பதனக் கிடங்கில் மாலை வேலை. அவள் ஏறும்போது அவர் இறங்குவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்ட இடம் அந்த மாடிப்படிதான்.

கையில் இருந்த காசுக்குக் கிடைத்த கார்கள் எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன. இது ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது. சீறிப் பாய்வதற்கென்றே செய்த வண்டி. ஆனால் இரண்டே சீட். பிள்ளைகுட்டிக்காரர்கள் யாரும் சீண்டாததால் விலை இறங்கியிருந்தது.

"நமக்கென்ன, பின்னாடி யாரு உட்காரப் போறா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். கொட்டகைக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். குழந்தைக்காக அவர்கள் பார்க்காத டாக்டர் இல்லை. அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

விற்றவர் கட்டட வரைபடம் போடுகிறவர். தனியாள். விரல் ஓரமெல்லாம் பென்சில் கரி. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மட்டும் அவராகக் கேட்டார். சொன்னதும் வண்டியின் பக்கத்துச் சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, சாவியை நீட்டினார். ஓட்டிப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரர் பக்கத்துச் சீட்டுக் கதவில் கை வைத்தார்.

"அவங்க மட்டும் போகட்டுமே," என்றார் வரைபடக்காரர்.

குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். "என்னை அடகு வெச்சுட்டு நீ மட்டும் ஊர் சுத்திட்டு வா," என்று அவளிடம் முணுமுணுத்தார்.

அவள் ஓட்டினாள். தரையைத் தொடுகிற மாதிரி அவ்வளவு தாழ்வான இருக்கை. கால் லேசாகப் பட்டதும் வண்டி அவள் மனசைப் படித்ததுபோல் நகர்ந்தது. தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று வரைபடக்காரர் பக்கத்துச் சீட்டின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "பத்திரமாப் போயிட்டு வா," என்றார். தன்னை ஏன் ஒருமையில் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதல் வாரம் சுகமாகப் போனது. விடியாத தெருக்களில், பால் வண்டிகளுக்கும் குப்பை லாரிகளுக்கும் நடுவே, தனக்கே தனக்கான ஓர் அறைக்குள் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. ஹீட்டரைப் போட்டால் மட்டும் உள்ளே லேசாகத் தைல வாசனை அடித்தது. பழைய வண்டிக்கு ஏதாவது ஒரு வாசனை இருக்கத்தானே செய்யும்.

பிறகு ஒரு காலை, அந்த மணிச் சத்தம் ஆரம்பித்தது.

பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி எச்சரிக்கும் சத்தம். சீட்டில் அவள் கைப்பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை. சீட்டைத் தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வரை அது கத்திக்கொண்டே வந்தது.

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, வயர்களைப் பார்த்து, மறுபடி மாட்டினார். ஒரு குறையும் இல்லை, ஆள் உட்கார்ந்தால்தான் கத்தும் என்றார். ஆளே இல்லாமல் கத்துகிறதே என்றாள். அப்படிக் கத்தக் கூடாதே என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளும் கத்தியது. வேறு வழி தெரியாமல், சிக்னலில் நின்றபோது எட்டி அந்தப் பெல்ட்டை இழுத்து, காலிச் சீட்டின் குறுக்கே மாட்டிவிட்டாள். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு தினமும் ஏறியதும் முதல் வேலை அதுதான். தன் பெல்ட்டுக்கு முன்னால் அந்தப் பெல்ட்டை மாட்டினாள். பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அவளிடம் அது மிச்சமில்லை.

பனி மூட்டமான ஒரு காலையில், ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே சத்தமே இல்லை. தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தாள்.

பெல்ட் சீட்டின் மீது படிந்திருக்கவில்லை.

சீட்டிலிருந்து விலகி, ஒரு மார்பின் மேல் கிடப்பதுபோல் வளைந்து நின்றது.

மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

அவளுக்கு அலறத் தோன்றவில்லை. வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. மூச்சு மேலோட்டமாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது, இந்த நோயாளிக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று மனசு தன் போக்கில் கணித்தது. கேட் திறந்து, பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகுதான் அவள் இன்ஜினைப் போட்டாள்.

வீட்டுக்காரரிடம் அவள் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை என்பார், அதுவும் உண்மைதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகலாம் என்று அவரே உற்சாகமாக வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"என்னங்க?"

அவர் பேண்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "யாரோட மடியிலயோ உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அன்று அவர்கள் கடைக்கு நடந்தே போனார்கள். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். கொடுத்துவிட்டு மறுபடி அந்த இரண்டு பஸ்ஸா என்று அவள் கேட்டாள். அவர் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, கடைப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் பெல்ட் ஒரே சீராக ஏறி இறங்கும். ஆஸ்பத்திரி மதில் கண்ணில் பட்டதும் அந்த மூச்சு வேகமெடுக்கும். அவசர சிகிச்சை வாசலைத் தாண்டித்தான் ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்துக் கதவின் கைப்பிடி மெதுவாக மேலே எழும்பிவிட்டு விழும்.

டக்.

பூட்டிய கதவு. திறக்காது.

டக். டக்.

ஒரு நாள் உள்பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரல்கள் வழித்துவிட்ட தடம் கீழே இறங்கி வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக வரைபடக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர்தான் கதவைத் திறந்தார். அவளைத் தாண்டி, தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார்.

அது அவருடைய தம்பியின் வண்டி. தம்பி ஆசை ஆசையாய் வாங்கியது. நுரையீரலில் நோய் வந்து, ஓட்ட முடியாமல் போன பிறகு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அண்ணனை ஓட்டச் சொல்வான். ஒரு நாள் காலையில் மூச்சு ரொம்பவும் திணறியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நெஞ்சில் தைலத்தைத் தேய்த்து, இவரே அவனை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு ஓட்டினார்.

"வாசல் வரைக்கும் வந்துட்டேன் சிஸ்டர்," என்றார். "இதோ வந்தாச்சுடான்னு திரும்பிப் பார்த்தேன். கண்ணு தொறந்திருக்கு. மூச்சு இல்ல."

விரல் ஓரத்துக் கரியை அவர் தேய்த்துக்கொண்டார்.

"உள்ள போனா அவன் இல்லைன்னு சொல்லிடுவாங்க. போகலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்கல்ல? அதான் வாசலைத் தாண்டி ஓட்டிட்டேன். பொழுது சாயற வரைக்கும் ஓட்டினேன். அவன்கூடப் பேசிக்கிட்டே."

காரியம் எல்லாம் முடிந்து, ஒரு நாள் வண்டியை வெளியே எடுத்தபோது அந்த மணிச் சத்தம் கேட்டதாம். அதன் பிறகு அவரால் அதில் உட்கார முடியவில்லை.

வாங்க இரண்டொருவர் வந்தார்கள் என்றார். யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. "நீங்க அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலைன்னு சொன்னீங்க. தினமும் அங்கதானே போவீங்கன்னு..."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால்தான் வலித்தது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை, இன்னும் தெருவிளக்குகள் அணையாத நேரம், அவள் அவசர சிகிச்சை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

இன்ஜினை அணைத்தாள். பெல்ட் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தைல வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளே போய்ச் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசல் காவலாளி, யாருக்கு சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டே அருகில் வந்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெல்ட்டை விடுவித்தாள்.

அது சட்டென்று சுருண்டு போகவில்லை. யாரோ கையால் பிடித்து விடுவதுபோல் மெல்ல மெல்லப் போனது.

அவள் குனிந்தாள். வார்டில் தினமும் சொல்லும் அதே குரலில், "வந்தாச்சு. என் தோளைப் பிடிச்சுக்கங்க," என்றாள்.

எதுவும் நடக்கவில்லை.

பிறகு அவள் தோளில் பாரம் ஏறியது.

அவள் முழங்கால்கள் தாமாகவே மடிந்து கொடுத்தன. எத்தனையோ பேரைத் தாங்கிய உடம்பு அது. காதோரம் ஒரு மூச்சு திணறியது. மெதுவாகத் திரும்பி, மெதுவாக இறக்கி உட்கார வைத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. காவலாளி இரண்டடி பின்னால் போய், கதவைத் திறந்துவிட்டார். சாய்தளத்தில் ஏற்றும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. காலி நாற்காலி அவ்வளவு கனக்காது.

உள்ளே சுவரோரமாக நிறுத்தி, பிரேக் போட்டாள். "இங்கேயே இருங்க. பார்ப்பாங்க," என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியை எடுத்து நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு வண்டி பேசாமடந்தையாகிவிட்டது. பெல்ட் தன் இடத்தில் கிடந்தது. தைல வாசனையும் போய்விட்டது. வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயந்து பயந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு சாய்ந்துகொண்டு, முதலாளி மாதிரி காலை நீட்டி, "வண்டியை எடு டிரைவர்," என்றார். அவள் வெகு நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். வரைபடக்காரருக்குப் போன் செய்து, உங்க தம்பி உள்ள போயிட்டார் என்று சொன்னாள். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

சில நாட்களுக்கெல்லாம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், வார்டில் அழைப்பு மணி அடித்தது. ஜன்னலோரப் படுக்கையிலிருந்து அடிக்கிறது என்று பலகையில் விளக்கு எரிந்தது. அங்கே அன்று நோயாளி யாரும் இல்லை. கூட வேலை பார்க்கும் பெண் போய் அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி அடித்தது. மழை ஈரம் வயரில் இறங்கியிருக்கும், பராமரிப்பு ஆளைக் கூப்பிடலாம் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அவள் எழுந்து போனாள்.

அடுத்த படுக்கையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நோயாளி படுத்திருந்தார். இயந்திரத்தில் அவர் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்கள் மூடியே இருந்தன.

"சிஸ்டர்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அவருக்குக் குளிருதாம்."

அவள் நின்றாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்தாள். உதறி, அந்தக் காலிப் படுக்கையின் மேல் தலையணை வரை ஏற்றி விரித்தாள். மணி விளக்கு அணைந்தது.

திரும்பி நடந்தாள்.

"சிஸ்டர்," என்றார் வாத்தியார் மறுபடி. "கால் வெளிய தெரியுது பாருங்க. கொஞ்சம் இழுத்து விடணுமாம்."

அவள் திரும்பி வந்து, போர்வையைக் கீழே இழுத்துவிட்டாள்.